டைகர் டாங்க்கைத் தோற்கடிக்கும் 10 பாயின்ட் சிப்பாய்! - பொம்மைப் போர்க்களத்தில் காலாட்படைக் கணக்கு

ஆடு புலி ஆட்டம் ஆடியிருக்கிறீர்களா? திண்ணையில் சாக்பீஸால் கோடு போட்டு, 3 புலி, 15 ஆடு வைத்து ஆடுவார்களே, அதேதான். புலி தாண்டி வெட்டும். ஆட்டால் யாரையும் வெட்ட முடியாது. ஆனாலும் விவரமான ஆள் ஆட்டுப் பக்கம் உட்கார்ந்தால், கடைசியில் 3 புலிகளும் நகர இடமில்லாமல் முழித்துக்கொண்டு நிற்கும்.

கிட்டத்தட்ட இதே ஆட்டத்தை உலகத்தின் இன்னொரு மூலையில், ஆறடிக்கு நாலடி மேஜையில் வைத்து ஆடுகிறார்கள். அங்கே புலியின் பெயரே 'டைகர்'தான். இரண்டாம் உலகப்போரின் புகழ்பெற்ற ஜெர்மன் டாங்க். ஆடுகள் யார் என்கிறீர்களா? துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு நடக்கும் சாதாரணக் காலாட்படைச் சிப்பாய்கள்.

'மினியேச்சர் வார்கேம்' என்பது இந்தப் பொழுதுபோக்கின் பெயர். கம்ப்யூட்டர் கிடையாது, ஸ்கிரீன் கிடையாது. மேஜை மேல் குட்டி வீடுகள், வேலிகள், மரங்கள். அவற்றுக்கு நடுவே கையால் பெயின்ட் அடித்த பொம்மை வீரர்கள். நகர்த்த ஓர் இன்ச் டேப், அதிர்ஷ்டத்துக்கு டைஸ். பிரபலமான அளவு 28 மில்லிமீட்டர். 6 மில்லிமீட்டரிலும் படை இருக்கிறது; ஒரு வீரன் ஓர் அரிசி நீளம்தான். அதற்கும் முகம், பெல்ட், பூட்ஸ் என்று பெயின்ட் அடிக்கிறார்கள். அந்தப் பொறுமைக்கே தனியாக ஒரு விருது தரலாம்!

புதிதாக ஆட வருகிறவர்கள் முதலில் ஆசைப்படுவது டாங்க்குக்குத்தான். பார்க்கக் கம்பீரம், சுட்டால் சேதம். காலாட்படையைக் கடமைக்குச் சேர்ப்பார்கள். மைதானத்தின் நடுவே நடக்கவிட்டு, செத்தால், 'போகட்டும், 10 பாயின்ட்தானே' என்று எடுத்து ஓரமாக வைப்பார்கள். தோல்வி ஆரம்பிப்பது அங்கேதான்.

பையில் எத்தனை டைஸ்?

உதாரணத்துக்கு 'போல்ட் ஆக்‌ஷன்' ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். ரிக் பிரீஸ்ட்லி, அலெசியோ கவட்டோரே என்ற இரண்டு வடிவமைப்பாளர்கள் எழுதி 2012-ல் வெளிவந்த இரண்டாம் உலகப்போர் விளையாட்டு இது. ஒரு பக்கத்துக்கு சில டஜன் வீரர்கள், ஓரிரு வண்டிகள். சின்ன அளவுச் சண்டைதான். இங்கே சொல்லும் எண்கள் 2016-ல் வந்த இரண்டாம் பதிப்பின்படி. 2024-ல் வந்த மூன்றாம் பதிப்பில் சில விதிகள் மாறிவிட்டன, ஆனால் அடிப்படை அதேதான்.

ஐபிஎல் ஏலத்தில் ஒவ்வோர் அணிக்கும் செலவு வரம்பு இருப்பது போல, இங்கே இருவருக்கும் சமமான பாயின்ட். பெரும்பாலும் 1,000. ஓரளவு பயிற்சி பெற்ற ஒரு ரைஃபிள் வீரனின் விலை 10. டைகரின் விலை 400-ஐ ஒட்டி வரும். அதாவது ஒரு டைகருக்குக் கொடுக்கும் விலையில், 10 பேர் கொண்ட 4 குழுக்களை வாங்கலாம்.

இனிமேல்தான் சூட்சுமம். இந்த ஆட்டத்தில் 'நீ ஒருமுறை, நான் ஒருமுறை' என்ற முறை கிடையாது. ஒவ்வொரு குழுவுக்கும், ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு டைஸ். இரு தரப்பு டைஸ்களையும் ஒரே பையில் போட்டுக் குலுக்கி, ஒவ்வொன்றாக எடுப்பார்கள். எந்த நிறம் வருகிறதோ, அந்தத் தரப்பு ஒரு குழுவை இயக்கலாம். டைகர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் பையில் அதற்கு ஒரே டைஸ். அதே விலைக்கு வாங்கிய 4 குழுக்களுக்கு 4 டைஸ். சிப்பாய்களை வைத்திருப்பவருக்கு வாய்ப்பு அதிகம் வரும். எதிராளியின் டாங்க் நகர்ந்து முடித்த பிறகும் கையில் மிச்சம் இருக்கும்.

துப்பாக்கிக் குண்டு டைகரைக் கீறக்கூடச் செய்யாது, உண்மைதான். அதனால் அதோடு மோதவே கூடாது. வீட்டுக்குப் பின்னால், வேலிக்குப் பின்னால், அதன் பார்வை படாத பக்கமாக நகர வேண்டும். பல ஆட்டங்களில் வெற்றி என்பது எத்தனை பேரைக் கொன்றீர்கள் என்பதல்ல. ஒரு பாலத்தையோ, ஒரு கிணற்றடியையோ கடைசியில் யார் பிடித்துவைத்திருக்கிறார்கள் என்பது. இலக்கிலிருந்து 3 இன்ச்சுக்குள் உங்கள் ஆள் இருக்க வேண்டும், எதிரியின் ஆள் இருக்கக் கூடாது. ஒரு டைகரால் ஒரு நேரத்தில் ஓர் இடத்தில்தான் நிற்க முடியும். 4 குழுக்கள் 4 இடங்களில் நிற்கும்.

சுவரின் விலை

சரி, அந்த 4 குழுக்களையும் உயிரோடு எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது? கொஞ்சம் கணக்குப் போடலாம்.

உங்கள் குழு திறந்த வெளியில் நிற்கிறது. எதிரே 12 இன்ச்சுக்குள் நகராமல் நின்று 10 ரைஃபிள்கள் சுடுகின்றன. டைஸில் 3 அல்லது அதற்கு மேல் விழுந்தால் குண்டு படும். பட்டவர்களுக்கு 4 அல்லது அதற்கு மேல் விழுந்தால் ஆள் காலி. சராசரியாக 3 பேர் போவார்கள். அதே குழு ஒரு கற்சுவருக்குப் பின்னால் இருந்தால் படுவதற்கே 5 விழ வேண்டும். ஒருவரோ இருவரோதான் போவார்கள். சுவரும் இருந்து, தூரமும் 12 இன்ச்சைத் தாண்டினால் 6 விழுந்தால்தான் படும். அப்போது ஒருவர் போவதே சந்தேகம். அந்தச் சுவருக்கு நீங்கள் ஒரு பாயின்ட்கூடக் கொடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

உயிரிழப்பைவிட முக்கியமான இன்னொரு விஷயம் இருக்கிறது. என்னைக் கேட்டால் இந்த ஆட்டத்தின் உயிரே அதுதான். ஒரு குழு மீது குண்டு பட்டால், ஆள் சாகாவிட்டாலும் அதன் பக்கத்தில் ஓர் அடையாள வில்லை வைப்பார்கள். தலைதூக்க முடியாமல் மண்ணோடு அமுக்கிவிட்டார்கள் என்று அர்த்தம். நாம் அதை 'அமுக்கு' என்றே சொல்வோம்.

சாதாரணக் குழுவின் மன உறுதி 9. ஒவ்வோர் அமுக்குக்கும் அதில் ஒன்று குறையும். அமுக்கு விழுந்த குழுவுக்குக் கட்டளை தருவதற்கு முன் 2 டைஸ் உருட்டி, மிச்சமிருக்கும் எண்ணுக்குள் வர வேண்டும். ஓர் அமுக்கு இருந்தால் 36-க்கு 26 வாய்ப்பு. மூன்று அமுக்கு இருந்தால் 36-க்கு 15தான். தவறினால் குழு அப்படியே குப்புறப் படுத்துவிடும். ஓர் ஆள்கூடச் சாகாமல் 10 பேர் ஆட்டத்திலிருந்து காணாமல்போவது இப்படித்தான்.

ஆகவே, அனுபவசாலிகள் ஒரே குழுவைக் கொண்டு சுட்டு, ஓடி, பிடித்து என எல்லாவற்றையும் செய்ய முயல மாட்டார்கள். ஒரு குழு சுவருக்குப் பின்னால் நின்று சுட்டுக்கொண்டே இருக்கும். இன்னொரு குழுவும் அதே எதிரியைச் சுடும்; சுடும் ஒவ்வொரு குழுவும் தனி அமுக்கு வைக்கும் என்பதால், இருவர் சேர்ந்து ஒரே இலக்கைச் சுடுவதுதான் லாபம். மூன்றாவது குழு பக்கவாட்டில் ஓடும். சுடாமல் ஓடினால் 12 இன்ச் போகலாம். 6 இன்ச்சுக்குள் நெருங்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஏனென்றால், அதைவிடத் தள்ளியிருந்து பாய்ந்தால், இன்னும் தன் முறையைப் பயன்படுத்தாத எதிரி உங்கள்மீது சுட்டுவிடலாம். கைகலப்பில் தோற்கும் குழு மொத்தமும் மேஜையை விட்டு வெளியே. பாதிப் பேர் மிஞ்சினார்கள் என்ற கதையே இல்லை.

உங்கள் குழுவே அமுங்கிப் போனால்? பிடிவாதம் பிடித்து முன்னே தள்ளாதீர்கள். ஒரு சுற்றை விட்டுக்கொடுத்து, ஆசுவாசப்படுத்தும் கட்டளையைக் கொடுங்கள். நிறைவேறினால் ஒரு டைஸ் உருட்டி, விழுகிற எண்ணிக்கை அளவுக்கு அமுக்குகளை எடுத்துவிடலாம். பீரங்கி இருக்கும் மேஜையில் ஆட்களைக் கொத்தாக நிறுத்தாதீர்கள். புதியவர்கள் போட்டோவுக்கு நிற்பது போல நெருக்கி நிறுத்துவார்கள், ஒரே குண்டில் பாதிக் குழு போய்விடும்.

நிஜத்தில் கொடுத்த விலை

இந்த விதிகளெல்லாம் யாரோ சுவாரஸ்யத்துக்காக யோசித்தவை அல்ல.

'டைம் மெஷின்' நாவலை எழுதிய ஹெச்.ஜி.வெல்ஸ், 1913-ல் 'லிட்டில் வார்ஸ்' என்ற புத்தகத்தை வெளியிட்டார். நவீன பொம்மைப் போர் விளையாட்டுக்கு முன்னோடி என்று அதைத்தான் சொல்கிறார்கள். வீட்டுத் தரையில் தகரச் சிப்பாய்களை நிறுத்தி, ஸ்பிரிங் வைத்த பொம்மைப் பீரங்கியால் மரக்குச்சி சுட்டு ஆடும் ஆட்டம். அதில் காலாட்படை ஒரு முறைக்கு ஓர் அடி நகரும், குதிரைப்படை இரண்டடி. சிப்பாய்களுக்குச் சுடும் உரிமை கிடையாது. ஆனால் ஒரு விதி வைத்தார் வெல்ஸ்: பீரங்கி சுட வேண்டுமென்றால், அதிலிருந்து 6 இன்ச்சுக்குள் அதன் தரப்பு ஆட்கள் 4 பேராவது இருக்க வேண்டும். ஆள் இல்லாவிட்டால் பீரங்கி வெறும் இரும்பு. நிஜப் போரைவிடத் தன் பொம்மைப் போர் எவ்வளவோ மேல் என்று அதே புத்தகத்தில் வாதாடவும் செய்தார்.

மறு வருடமே நிஜப் போர் வந்துவிட்டது.

1916 ஜூலை 1. பிரான்ஸின் சோம் நதிப் பகுதி. ஒரு வாரம் பீரங்கிகளால் அடித்தாகிவிட்டது, எதிரே ஜெர்மானியர் யாரும் மிஞ்சியிருக்க மாட்டார்கள் என்று பிரிட்டிஷ் தளபதிகள் நம்பினார்கள். பல படைப்பிரிவுகள் திறந்த வெளியில் வரிசை வரிசையாக முன்னேறின. ஆழமான பதுங்கு குழிகளில் இருந்த ஜெர்மானியர்கள் மேலே வந்து இயந்திரத் துப்பாக்கிகளைத் திருப்பினார்கள். அந்த ஒரே நாளில் பிரிட்டிஷ் தரப்பில் இறந்தவர்கள் 19,240 பேர். காயமடைந்தவர்கள், காணாமல்போனவர்களையும் சேர்த்தால் 57,470.

1917 பிப்ரவரியில் பிரிட்டிஷ் ராணுவம் ஒரு புதிய பயிற்சிக் கையேட்டை வெளியிட்டது. பிளட்டூன் என்ற சிறு பிரிவுக்குள்ளேயே 4 குழுக்கள்: ரைஃபிள்காரர்கள், கையெறி குண்டுக்காரர்கள், துப்பாக்கி முனையிலிருந்து குண்டு வீசுகிறவர்கள், லூயிஸ் இயந்திரத் துப்பாக்கிக்காரர்கள். ஒரு குழு சுட்டு எதிரியை அமுக்கும், இன்னொரு குழு பக்கவாட்டில் போகும். மேலே பார்த்த மேஜை உத்தி அப்படியே இதுதான். 'போகட்டும், 10 பாயின்ட்தானே' என்று பொம்மையை ஓரமாக வைக்கும்போது, எனக்கு அந்த 19,240 என்ற எண் ஞாபகம் வராமல் இருப்பதில்லை.

புளியங்கொட்டை போதும்

காசு செலவழித்து செட் வாங்க வேண்டியதில்லை. திருவிழாக் கடையில் பாக்கெட்டாக விற்கும் பச்சை பிளாஸ்டிக் சிப்பாய்கள் போதும். பக்கத்துக்கு 3 குழுக்கள், குழுவுக்கு 5 பேர். தரையில் புத்தகங்களை அடுக்கினால் சுவர். நடுவில் ஒரு எவர்சில்வர் டம்ளர், அதுதான் இலக்கு. குழுவுக்கு ஒரு சீட்டு என இரண்டு நிறத்தில் எழுதி, மஞ்சப்பையில் போட்டுக் குலுக்குங்கள். சீட்டு வந்தவர் ஒரு குழுவை ஒரு சாண் நகர்த்தலாம், அல்லது 3 சாண் தூரத்துக்குள் சுடலாம், அல்லது சும்மா இருந்து மூச்சு வாங்கலாம்.

சுடும்போது ஆளுக்கு ஒரு டைஸ். திறந்த வெளியில் இருப்பவர்மீது 5 அல்லது 6 விழுந்தால் ஓர் ஆள் அவுட். புத்தகத்துக்குப் பின்னால் இருந்தால் 6 மட்டும். ஆள் அவுட் ஆன குழுவின் பக்கத்தில் ஒரு புளியங்கொட்டை வையுங்கள். அந்தக் குழு அடுத்து நகரவோ சுடவோ நினைத்தால், ஒரு டைஸ் உருட்டி, புளியங்கொட்டை எண்ணிக்கையைவிட அதிகமாகப் போட வேண்டும். மூச்சு வாங்கினால் 2 கொட்டைகளை எடுத்துவிடலாம். 6 சுற்று முடிந்ததும் டம்ளரிலிருந்து ஒரு சாணுக்குள் யார் ஆள் மட்டும் இருக்கிறதோ, அவருக்கு வெற்றி.

இரண்டு ஆட்டம் ஆடிய பிறகு, ஒரு பக்கம் 2 குழுக்களைக் கழித்துவிட்டு, பதிலுக்கு ஒரு பொம்மை ஜீப்பைக் கொடுத்துப் பாருங்கள். 3 சாண் ஓடும், 6 டைஸ் சுடும், ஆனால் சீட்டு ஒன்றுதான். யாருக்கு எந்தப் பக்கம் என்பதை மட்டும் டாஸ் போட்டு முடிவு செய்யுங்கள். இல்லாவிட்டால் எல்லாரும் ஜீப்தான் கேட்பார்கள்!