பாட்டு கேட்டால் பேட்டரி தீருமா?

தையல் கடை மேசையில் சாய்த்து வைத்த போனில் காலையிலிருந்து இளையராஜா பாட்டு ஓடுகிறது, யூடியூபில். யாரும் பார்க்காத திரை முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டிருக்கிறது. மத்தியானத்துக்குள் சார்ஜ் தீர்ந்ததும், “பாட்டு போட்டாலே பேட்டரி நிக்க மாட்டேங்குது” என்று புலம்பல். இதில் பாட்டின் மேல் குற்றமே இல்லை.

சுருக்கிய பாட்டுக் கோப்பை விரித்து ஒலியாக்குவது இன்றைய போனுக்கு ரொம்பச் சின்ன வேலை. அதற்கென்றே டிஎஸ்பி என்ற சிறிய ப்ராசசர் சிப்புக்குள் தனியாக இருக்கிறது. திரை அணைந்ததும் பாட்டை அதனிடம் ஒப்படைத்துவிட்டு பிரதான ப்ராசசர் தூங்கப் போகும் வசதி, 2013-ல் வந்த ஆண்ட்ராய்டு 4.4-இலேயே சேர்ந்துவிட்டது. பேட்டரியைத் தின்பது திரையும், வீடியோவை விடாமல் இழுக்கும் டேட்டாவும்தான். சிக்னல் பலவீனமான இடத்தில் செலவு இன்னும் ஏறும். வீட்டில் வைஃபை இருக்கும்போதே பாட்டுகளைப் பதிவிறக்கி வைத்து, திரையைப் பூட்டிக் கேட்டாலே பெரிய மிச்சம்.

யூடியூப் செயலியில் திரையை அணைத்துவிட்டுப் பாட்டு கேட்பதற்கு நம் நாட்டில் சந்தா கட்ட வேண்டும். அதைத் தவிர்க்க, ‘இலவசமாகவே பின்னணியில் ஓடும்’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் ஏபிகே கோப்பை நிறுவுகிறவர்கள் நிறைய. வம்பு இங்கேதான் ஆரம்பிக்கிறது. பாட்டுச் செயலிக்கு எதற்கு எஸ்எம்எஸ் படிக்கும் அனுமதி? கொடுத்துவிட்டால் வங்கி ஓடிபி-யும் அதன் கண்ணில் படும். அப்படிப் பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-ஐ அழைக்க வேண்டும்.

அனுமதி என்றதும் மைக் நினைவுக்கு வருகிறது. ‘போன் நாள் முழுக்க ஒட்டுக் கேட்கிறது, அதனால்தான் சார்ஜ் இறங்குகிறது’ என்ற பேச்சை நானும் அடிக்கடி கேட்கிறேன். ஐபோனின் குரல் உதவியாளரை எழுப்பும் ‘ஹே சிரி’ போன்ற அழைப்புச் சொல்லுக்காகப் போன் காதைத் திறந்தே வைத்திருப்பது உண்மை. ஆனால் அந்த வேலையும் மிகக் குறைந்த மின்சாரத்தில் ஓடும் சிறு ப்ராசசரில்தான் நடக்கிறது. அழைக்காமலே சிரி விழித்துக்கொண்டு பேச்சைப் பதிவு செய்கிறது என்று அமெரிக்காவில் ஆப்பிள் மீது வழக்குப் போட்டார்கள். தவறு செய்ததாக ஒப்புக்கொள்ளாமலே, அதைத் தீர்க்க 9.5 கோடி டாலர் தர ஆப்பிள் சம்மதித்த செய்தி 2025 ஜனவரியில் வெளிவந்தது. ஆகவே சந்தேகப்படுவது தப்பில்லை. சந்தேகத்தோடு நிற்காமல் சோதித்துப் பார்க்க வேண்டும். மைக் வேலை செய்யும்போது ஆண்ட்ராய்டு 12 முதல் திரையின் மேல் ஓரத்தில் பச்சை அடையாளமும், ஐபோனில் ஐஓஎஸ் 14 முதல் ஆரஞ்சுப் புள்ளியும் தெரியும். ஆண்ட்ராய்டு அமைப்புகளில் உள்ள ‘பிரைவசி டாஷ்போர்டு’, எந்தச் செயலி எத்தனை மணிக்கு மைக்கைத் தொட்டது என்று காட்டிவிடும். சம்பந்தமில்லாத பெயர் அதில் இருந்தால் அனுமதியை உடனே பறித்துவிடுங்கள்.

கொடுத்த சம்மதத்தை, கொடுத்த அதே சுலபத்தோடு திரும்பப் பெற 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உரிமை தருகிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. இந்த உரிமையும், நிறுவனங்களுக்கான கடமைகள் பலவும் அமலுக்கு வரப் பதினெட்டு மாதம் அவகாசம். அதுவரை நம் கைவிரல்தான் காவல்.

சில போன்களில் திரையை அணைத்தாலும், செயலிகளை நீக்கினாலும் சார்ஜ் நிற்காது. அப்போது பேட்டரியையே சந்தேகப்பட வேண்டும். பின்மூடி உப்பியிருந்தால் சார்ஜ் போடுவதை அந்த நிமிடமே நிறுத்துங்கள். தலையணைக்கு அடியில் வைக்கவே கூடாது. மலிவாகக் கிடைக்கிறதென்று பெயர் தெரியாத பேட்டரி மாற்றுவதைவிட, மாற்றாமல் இருப்பது மேல். லித்தியம் பேட்டரிக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு கட்டாயம். ஐஎஸ் 16046 என்ற எண்ணும் ‘ஆர்’ என்று தொடங்கும் பதிவு எண்ணும் அதன் மேல் இருக்கும். அது போலியா என்பதை ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் பார்க்கலாம்.

வாரன்டி காலத்திலேயே பேட்டரி படுத்துவிட்டது, சர்வீஸ் சென்டரில் ‘நீங்க யூஸ் பண்ற விதம் அப்படி’ என்று கைவிரிக்கிறார்கள் என்றால் வாய்ச் சண்டையால் பயனில்லை. அமைப்புகளில் பேட்டரிப் பக்கத்தைத் திறந்து, எந்தச் செயலி எவ்வளவு செலவழித்தது என்பதைச் சில நாளைக்கு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். ஜாப் ஷீட்டில் குறையை எழுதி வாங்குங்கள். பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். இணையவழியிலும் மனுச் செய்யலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட்டுவிட வேண்டும். பில்லில் ஐஎம்இஐ எண் சரியாக இருக்கிறதா என்பதை மட்டும் போன் வாங்கும் அன்றே, கடையிலேயே பார்த்துவிடுங்கள்.