இடிப்பதா, புதுப்பிப்பதா?

புணே நகருக்கு வடமேற்கே, ஆகுர்டி ரயில் நிலையத்தை அடுத்து, நிகடி பிராதிகரணம் என்னும் குடியிருப்புப் பகுதி விரிந்து கிடக்கிறது. 1954-ல் பிம்ப்ரியில் ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் நிறுவனம் தோன்றியது. 1960-களில் ஆகுர்டியில் ஸ்கூட்டர் தொழிற்சாலை எழுந்தது. தொழிலாளர் பெருகவே, 1972-ல் பிம்ப்ரி-சிஞ்ச்வட் புதுநகர் வளர்ச்சி அதிகாரசபை நிறுவப்பட்டது. எண்ணிட்ட செக்டர்கள், நேரான சாலைகள், இடையிடையே பூங்காக்கள் என்று திட்டமிட்டு, 99 ஆண்டுக் குத்தகைக்கு மனைகளை அது வழங்கியது. தமிழகத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர் பலரும் இவ்வட்டாரத்தில் வேரூன்றினர். 2021-ல் அச்சபை கலைக்கப்பட்டது. கட்டடங்களுக்கோ வயதேறிவிட்டது. அவற்றை இடித்து உயர்ந்த மாடிகளை எழுப்புவதா, செப்பனிடுவதா என்பதே இன்று நம் முன் உள்ள கேள்வி.

இக்கேள்வியை ஐரோப்பா முன்னரே சந்தித்தது. ஹாலந்தில், ஆம்ஸ்டர்டாமின் பைல்மர்மேர் புறநகரில், கிளைபுர்க் என்னும் 500 வீடுகள் கொண்ட நெடுங்கட்டடம் இடிபடவிருந்தது. மாறாக, மின்தூக்கிகளையும் பொது நடைகளையும் மட்டும் சீராக்கி, வீட்டின் உட்பகுதியை வாங்கியவரே தம் வசதிக்கேற்ப முடித்துக்கொள்ள விட்டனர். பிரான்சின் போர்தோ நகரில், 1960-களில் கட்டிய மூன்று கட்டடங்களிலுள்ள 530 வீடுகளுக்கு வெளிப்புறமாகக் கண்ணாடி முன்கூடங்களைச் சேர்த்தனர். வீடு விரிந்தது, குளிரின் கடுமை தணிந்தது. வேலை நடந்தபோதும் குடியிருந்தோர் வெளியேறவில்லை. இவ்விரு பணிகளும் முறையே 2017-லும் 2019-லும் ஐரோப்பாவின் மீஸ் வான் டெர் ரோ கட்டடக்கலைப் பரிசைப் பெற்றன.

அங்குள்ள இடர் குளிர். இங்குள்ளது வெயிலும் தண்ணீரும். பவனா நதியை நம்பியுள்ள இம்மாநகரில் 2019-ல் ஒரு நாள் விட்டு ஒரு நாள் குடிநீர் வழங்கும் முறை தொடங்கியது. பத்து வீடுகள் இருந்த மனையில் நாற்பது வீடுகள் எழுந்தால், நீரும் கழிவுநீர்க் குழாயும் எங்கிருந்து வரும்? மேலும், நிற்கும் கட்டடத்தில் ஏற்கெனவே செலவான சிமெண்டும் இரும்பும் இடித்தால் வீணாகும். உறுதியான கட்டடமாயின், மொட்டைமாடிக்கு வெப்பந்தடுக்கும் பூச்சு, சன்னலுக்கு மேல் நிழற்பலகை, மழைநீர்ச் சேமிப்பு ஆகியவை அதற்கு மறுவாழ்வு தரும். உறுதி குலைந்ததாயின், இடிப்பதே முறை.

ஆகவே, சங்கக் கூட்டத்தில் கையொப்பமிடுமுன் நாம் மூன்று கேள்விகளைக் கேட்போமாக. கட்டடத்தின் வலுவைப் பொறியாளர் சோதித்தாரா? கூடுதல் வீடுகளுக்குத் தண்ணீர் எங்கே? வாடகைக்குக் குடியிருப்போர் எங்கே போவர்? பிழைக்க வந்த ஊரில் மறுபடியும் இடம்பெயர்வது எவ்வளவு கடினம் என்பதை நாம் நன்கறிவோம்.