மரம் வெட்டிய ஊர் பழத்தோட்டம் ஆன கதை

அமெரிக்காவில் மிச்சிகன் ஏரியின் கரையில் டிராவர்ஸ் சிட்டி என்ற ஊர் உள்ளது. புளிப்புச் செர்ரிப் பழத்துக்குப் பேர்போன ஊர். ஆண்டுதோறும் கோடையில் அங்கு செர்ரித் திருவிழா நடக்கிறது. 1850-ல் அந்த இடத்தில் இருந்தது ஒரு சிறிய மரம் அறுக்கும் ஆலையும், அதைச் சுற்றி அடர்ந்த பைன் காடும்தான். அந்தக் காட்டைப் பணமாக்கி, அந்தப் பணத்தில் ஓர் ஊரையும் உண்டாக்கியவர் பெர்ரி ஹன்னா. அவர் கதையில் மர வியாபாரிக்கு மட்டுமல்ல, நிலத்தை நம்பி வாழும் விவசாயிக்கும் படிப்பினை இருக்கிறது.

4,500 டாலருக்கு ஓர் ஆலை

ஹன்னா 1824-ல் பென்சில்வேனியா மாநிலத்தில் பிறந்தார். இளவயதிலேயே மரத் தொழிலில் பழகிச் சிகாகோ நகருக்கு வந்தார். சிகாகோ அப்போது வேகமாக வளர்ந்து வந்தது. நகருக்கு மேற்கே பரந்து கிடந்தது புல்வெளி. மண் நல்ல மண். ஆனால் வீடு கட்ட மரம் இல்லை. புதிதாகக் குடியேறிய விவசாயிகளுக்கு வீடு, களஞ்சியம், வேலி எல்லாவற்றுக்கும் பலகை தேவைப்பட்டது. மரம் எங்கே இருக்கிறதோ அங்கே போய் அறுத்துக் கப்பலில் கொண்டுவந்தால் லாபம் என்று ஹன்னா கணக்குப் போட்டார்.

1851-ல் ஆல்பர்ட் டிரேசி லே, ஜேம்ஸ் மார்கன் என்ற கூட்டாளிகளுடன் சேர்ந்து, போர்டுமன் என்பவரின் ஆலையையும் அதைச் சார்ந்த நிலத்தையும் 4,500 டாலருக்கு வாங்கினார். ஹன்னா, லே கம்பெனி அந்த வட்டாரத்தில் காலூன்றியது இப்படித்தான்.

அந்தக் காடு ஆள் இல்லாத காடு அல்ல. ஒடாவா, ஒஜிப்வே பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக அங்கு மீன் பிடித்தும், மக்காச்சோளம் பயிரிட்டும் வாழ்ந்து வந்தார்கள். 1836-ல் ஏற்பட்ட உடன்படிக்கையில் அவர்களுடைய நிலத்தின் பெரும்பகுதி அமெரிக்க அரசின் கைக்குப் போயிற்று. அதன் பிறகே மர வியாபாரிகளுக்கு வழி திறந்தது.

பனியே பாதை

வெள்ளைப் பைன் மரம் நெடிது வளரும். இலேசான மரம், நீரில் மிதக்கும். வேலை நடந்த முறை இது: குளிர்காலத்தில் ஆட்கள் காட்டில் முகாம் போட்டு மரத்தை வெட்டுவார்கள். தரை பனியால் உறைந்து கிடப்பதால் சறுக்கு வண்டியில் கட்டைகளை ஏற்றி ஆற்றங்கரைக்கு இழுப்பது எளிது. வசந்தத்தில் பனி உருகி ஆறு பெருகும்போது கட்டைகளை ஆற்றில் தள்ளி ஆலைக்கு மிதக்கவிடுவார்கள். ஆலையில் அறுத்த பலகை ஏரி வழியாகச் சிகாகோ போய்ச் சேரும். 1871-ல் சிகாகோவில் பெரும் தீ விபத்து ஏற்பட்டு நகரின் பெரும்பகுதி அழிந்தது. நகரைத் திரும்பக் கட்டப் பலகைக்குக் கிராக்கி மேலும் கூடியது.

ஆலையோடு கடையும் வந்தது. ஆணி, மாவு, துணி, மண்வெட்டி எல்லாம் கம்பெனிக் கடையில் கிடைத்தன. 1862-ல் வந்த குடியேற்றச் சட்டம், ஐந்து ஆண்டுகள் குடியிருந்து பயிர் செய்பவருக்கு 160 ஏக்கர் வரை அரசு நிலம் கிடைக்க வகை செய்தது. அதை நம்பி விவசாயிகள் வந்தார்கள். 1872-ல் ரயில் பாதை வந்தது. 1885-ல் மனநல மருத்துவமனை ஒன்று திறக்கப்பட்டது. அதை அந்த ஊருக்குக் கொண்டுவர ஹன்னா தம் செல்வாக்கைப் பயன்படுத்தினார். 1895-ல் ஊர் நகரமானபோது முதல் மேயரும் அவரே. 1904-ல் காலமானார்.

மரம் போன பின் மண்

மரம் ஒரு முறைதான் பணம் தரும். ஹன்னாவின் கம்பெனி 1886-ல் ஆலைத் தொழிலை விற்றுவிட்டுக் கடை முதலிய மற்றத் தொழில்களில் நின்றது. அடிக்கட்டைகள் நிறைந்த வெற்று நிலம் மட்டும் மிஞ்சியது.

மிச்சிகனின் வடபகுதியில் இத்தகைய நிலம் ஏராளம். மர வியாபாரிகள் பலர் அதை விவசாயத்துக்கு ஏற்றது என்று சொல்லி விற்றார்கள். ஆனால் பல இடங்களில் அது மெல்லிய மணல் நிலம். மேலே இருந்த மக்கை, வெட்டிப் போட்ட கிளைகளில் பிடித்த தீ எரித்துவிட்டது. 1871-லும் 1881-லும் மிச்சிகனில் பெரும் காட்டுத்தீக்கள் பரவின. முதல் சில போகம் விளைந்தது; பிறகு மண் சத்திழந்தது. அடிக்கட்டை தோண்டியே உழைப்பெல்லாம் போனது. வரி கட்ட முடியாமல் பலர் நிலத்தை விட்டுப் போனார்கள். நிலம் அரசிடம் திரும்பியது. 1930-களில் அரசு வேலைத் திட்டத்தில் இளைஞர்களைக் கொண்டு கோடிக்கணக்கில் மரக்கன்றுகளை நடவேண்டி வந்தது.

ஏரி காத்த தோட்டம்

டிராவர்ஸ் சிட்டியை ஒட்டிய நிலம் மட்டும் வேறு விதமாகப் பிழைத்தது. அங்கு 1852-லேயே பீட்டர் டவர்ட்டி என்ற பாதிரியார் செர்ரி மரம் நட்டிருந்தார். குளிரில் பட்டுப்போகும் என்று பலர் நினைத்த மரம் காய்த்தது. 1890-களில் வியாபாரத் தோட்டங்கள் தோன்றின.

காரணம் ஏரி. வசந்தத்தில் ஏரி நீர் சீக்கிரம் சூடேறாது. அதன் மேல் வரும் குளிர்ந்த காற்று மொட்டுகளைச் சீக்கிரம் விரியவிடாது. பூக்கும்போது உறைபனி அபாயம் பெரும்பாலும் நீங்கியிருக்கும். சரிவான நிலத்தில் குளிர்ந்த காற்று பள்ளத்துக்கு இறங்கிவிடும். மணல் கலந்த மண்ணில் நீர் தேங்காது. செர்ரி வேருக்கு நீர் தேங்குவது ஆகாது. உள்நாட்டில் விவசாயியைக் கைவிட்ட அதே மணல், ஏரிக்கரையில் அவனுக்குக் கை கொடுத்தது.

இந்தக் காப்பும் முழுமையானது அல்ல. 2012 மார்ச்சில் வழக்கத்துக்கு மாறான வெயில் அடித்து மொட்டுகள் முன்கூட்டியே விரிந்தன. பின்னர் உறைபனி விழுந்து, மிச்சிகனின் புளிப்புச் செர்ரி மகசூலில் சுமார் 90 சதவீதம் போயிற்று.

ஒரு பசுவின் கல்லறை

ஹன்னா கொண்டுவந்த மருத்துவமனைக்குச் சொந்தப் பண்ணையும் இருந்தது. நோயாளிகளும் அதில் வேலை செய்தார்கள். அங்கு வளர்ந்த ஹோல்ஸ்டீன் இனப் பசு ஒன்று ஒன்பது ஈற்றில் 2,00,114 பவுண்டு, அதாவது சுமார் 90,000 கிலோ பால் கறந்தது. 1932-ல் அது இறந்தபோது பண்ணையிலேயே புதைத்துக் கல் நாட்டினார்கள். மருத்துவமனை 1989-ல் மூடப்பட்டது. அந்தக் கல் இன்றும் இருக்கிறது.

காட்டை வெட்டி வந்த பணம் ஒரு தலைமுறைக்குள் முடிந்தது. பழமரமும் கறவை மாடும் அதற்குப் பின்னும் சோறு போட்டன. புதிதாக நிலம் வாங்குகிறவர், விற்கிறவர் சொல்லும் விலையைப் பார்க்குமுன் மண்ணைத் தோண்டிப் பார்க்கவேண்டும். நீர் எங்கே தேங்குகிறது, காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று கேட்கவேண்டும். மிச்சிகன் விவசாயிகள் இதைப் பெரும் நஷ்டப்பட்டே கற்றார்கள்.