பாடம் 9: பாதி மலையின் கதை

ஆக்லாந்தின் தெற்கே விரி என்று ஓர் ஊர் இருக்கிறது. "பாயை விரி" என்று பாட்டி சொல்வாங்களே, அதே எழுத்துகள்தான்! ஆனால் இது தமிழ்ச் சொல் இல்லை. விரிஹானா என்ற மாவோரித் தலைவரின் பெயரிலிருந்து வந்தது.

காரில் போனால் தொழிற்சாலை, கிடங்கு, ரயில் பாதை, இவைதான் கண்ணில் படும். ஆனால் அவற்றின் நடுவில் மிகப் பழைய வரலாற்று இடம் ஒன்று இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு வந்து வகுப்பில் தமிழில் எப்படிப் பேசுவது? வாங்க, பார்க்கலாம்.

இரண்டு குருகுகள்

விரியில் அருகருகே இரண்டு எரிமலைக் குன்றுகள் இருந்தன. ஒன்றின் பெயர் மட்டுக்குட்டூரேயா. இன்னொன்றின் பெயர் மட்டுக்குட்டூருரு. பெயர் நீளமா இருக்கா? மெதுவா இரண்டு தடவை சொல்லிப் பாருங்க.

மாவோரி மொழியில் "மட்டுக்கு" என்றால் கொக்கு போன்ற ஒரு நீர்ப்பறவை. தமிழில் அதைக் குருகு என்போம். முதல் பெயருக்கு "விழித்திருக்கும் குருகு" என்று பொருள். இரண்டாவது பெயருக்கு "கவனமில்லாத குருகு" என்று பொருள்.

ஏன் இந்தப் பெயர்கள்? இரண்டு குன்றுகளிலும் மாவோரி மக்கள் கோட்டை கட்டி வாழ்ந்தார்கள். ஒரு நாள் ஒரு குன்றின் மக்கள் மீன் பிடித்துவிட்டு வந்து அசந்து தூங்கிவிட்டார்களாம். அப்போது எதிரிகள் வந்து கோட்டையைப் பிடித்துவிட்டார்களாம். இன்னொரு குன்றில் விழித்திருந்தவர்கள் தப்பித்துவிட்டார்களாம்.

மலை எங்கே போச்சு?

எரிமலைக் கல் ரயில் பாதை போடவும் ரோடு போடவும் உதவும். அதனால் இருபதாம் நூற்றாண்டில் இங்கே கல்குவாரிகள் வந்தன. "கவனமில்லாத குருகு" முழுவதும் வெட்டப்பட்டது. அந்தக் குன்று இன்று இல்லை! அதன் அடியில் எரிமலைக் குழம்பு ஓடி உண்டாக்கிய குகை மட்டும் இருக்கிறது. அதன் நீளம் சுமார் 290 மீட்டர். அனுமதி இல்லாமல் உள்ளே போகக் கூடாது.

"விழித்திருக்கும் குருகு" பாதி பிழைத்தது. எப்படி தெரியுமா? அதன் உச்சியில் பக்கத்து ஊரான பாப்பாடோயிடோய்க்குத் தண்ணீர் தரும் தொட்டி இருந்தது. தொட்டிக்காக உச்சியை விட்டுவைத்தார்கள். அதனால் மாவோரி மக்கள் வெட்டிய படிப்படியான மேடைகளில் சில இன்றும் இருக்கின்றன.

குன்றைச் சுற்றிக் கல் தோட்டங்களும் இருந்தன. கல்லில் எப்படித் தோட்டம்? மாவோரி மக்களின் முன்னோர்கள் வெப்பமான தீவுகளிலிருந்து படகில் குமரா கொண்டு வந்தார்கள். குமரா என்றால் நம்ம சர்க்கரைவள்ளிக்கிழங்கு! அதற்குக் குளிர் ஆகாது. கல் பகலில் வெயிலில் சூடாகும். இரவில் அந்தச் சூட்டை மண்ணுக்குக் கொடுக்கும். அதனால் கற்களைக் குவித்தும் வரிசையாக அடுக்கியும் நடுவில் கிழங்கு நட்டார்கள். அந்தத் தோட்டங்களிலும் பெரும்பகுதி அழிந்துவிட்டது. கொஞ்சம்தான் மிச்சம்.

மூன்று பெட்டிகள்

உங்க வயசில் நானும் வெளிநாட்டில்தான் தமிழ் படித்தேன். ஒரு தடவை அப்பா எழுதிக் கொடுத்ததை மனப்பாடம் செய்து வகுப்பில் பேசினேன். எல்லாரும் கைதட்டினாங்க. அப்புறம் ஒரு பையன், "அது உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டான். நான் வாயே திறக்கவில்லை.

இப்போ நான் சாஃப்ட்வேர் வேலை செய்கிறேன். அங்கேயும் தினமும் இதே கேள்விதான்: எப்படித் தெரியும்? அதனால் உங்க நோட்டில் மூன்று பெட்டி போடுங்க.

1. பார்த்தது: "குன்றில் மேடைகளைப் பார்த்தேன்."
2. கேட்டது: "மக்கள் தூங்கிவிட்டார்களாம்."
3. யோசித்தது: "மேலே நின்றால் எதிரி வருவது தெரிந்திருக்கலாம்."

தமிழ் எவ்வளவு வசதி, பாருங்க! சொல்லின் கடைசியில் "ஆம்" சேர்த்தால் போதும். நீங்க கேட்டதைத்தான் சொல்றீங்க என்று எல்லாருக்கும் புரியும். "லாம்" என்று முடித்தால் அது உங்க ஊகம்.

போகும்போது

எந்தப் பகுதி திறந்திருக்கிறது என்று வீட்டில் முதலில் பார்க்கச் சொல்லுங்க. பெரியவங்களோடுதான் போகணும். கல்லை எடுக்காதீங்க, நகர்த்தாதீங்க. கல் இருக்கும் இடம்தான் ஆதாரம். நகர்த்திட்டா, அங்கே தோட்டம் இருந்தது என்று நாளைக்கு யாருக்கும் தெரியாது.

பேசும்போது

எல்லாத்தையும் சொல்ல வேண்டாம். ஒரே ஒரு கேள்வியோடு தொடங்குங்க: "ஒரு மலை காணாமல் போகுமா?" பிறகு ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் இரண்டு வாக்கியம் சொல்லுங்க. கேள்விக்குப் பதில் தெரியவில்லையா? "தெரியாது, கேட்டுச் சொல்றேன்" என்று தைரியமாச் சொல்லுங்க. அதுவும் நல்ல பதில்தான்.

வீட்டுக்குப் போய் ஊரில் இருக்கும் தாத்தா பாட்டிக்கும் போனில் சொல்லுங்க. அவங்க விரியைப் பார்த்ததில்லை. ஆனால் சர்க்கரைவள்ளிக்கிழங்கு அவங்களுக்கு நல்லாத் தெரியும். அங்கிருந்து தொடங்குங்க. ஒரு குன்று போய்விட்டது. அதன் கதையை இனி நாமதான் சொல்லணும்.

புதிய சொற்கள்

குருகு – கொக்கு போன்ற நீர்ப்பறவை
கல்குவாரி – கல் வெட்டி எடுக்கும் இடம்
ஆதாரம் – ஒன்று உண்மை என்று காட்டுவது
ஊகம் – யோசித்துச் சொல்வது

செய்து பாருங்க

1. "விழித்திருக்கும் குருகு" எப்படிப் பாதி பிழைத்தது?
2. கல் தோட்டத்தில் கிழங்குக்குக் கல் எப்படி உதவியது?
3. "பாட்டி வந்தார்." இதைக் கேட்ட செய்தியாக மாற்றுங்க.
4. உங்க வீட்டுப் பக்கத்தில் உள்ள ஒரு பழைய இடத்துக்கு மூன்று பெட்டி போட்டு, இரண்டு நிமிடம் பேசுங்க.