பாபிலோனுக்கு உறை ஊற்றிய தளபதி

தயிர் நன்றாகத் தோய வேண்டும் என்று உறை மோரைக் கூடுதலாக ஊற்றுபவர்களுக்குப் புளிப்புதான் மிஞ்சும். பாலின் சூடுதான் முக்கியம். கொதிக்கிற பாலில் ஊற்றினால் உறை செத்துவிடும். ஆறிச் சில்லிட்ட பாலில் அது சும்மா கிடக்கும். வெதுவெதுப்பான பாலுக்கு ஒரு கரண்டி போதும், விடிவதற்குள் பானை முழுக்கத் தயிர். செலூக்கஸ் என்ற மாசிடோனியத் தளபதி ஒரு பேரரசைப் பிடித்த விதமும் இதுதான்.

கி.மு. 323இல் அலெக்சாந்தர் பாபிலோனில் இறந்தபோது செலூக்கஸுக்கு மாகாணம் எதுவும் கிடைக்கவில்லை. ஆட்சிப் பொறுப்பை ஏற்ற பெர்டிக்காஸின் கீழ் குதிரைப்படைத் தலைமை மட்டும்தான். பெர்டிக்காஸ் எகிப்தின் மீது படையெடுத்து, நைல் நதியைக் கடக்க முயன்று, வீரர்களை ஆற்றுக்குப் பறிகொடுத்தார். அவரைத் தீர்த்துக்கட்டிய அதிகாரிகளில் செலூக்கஸும் ஒருவர். அடுத்து நடந்த பங்கீட்டில் பாபிலோன் அவர் கைக்கு வந்தது.

பால் சூடானது அதற்குப் பிந்தைய சில ஆண்டுகளில். அங்கே எல்லோரிடமும் தாராளமாக நடந்து நல்ல பெயர் வாங்கினார். எதிர்காலத்தை மனதில் வைத்துத்தான் வாங்கினார். வள்ளல் என்று நாம் உருக வேண்டியதில்லை. பிறகு ஆசியா முழுவதையும் விழுங்கப் பார்த்த ஒற்றைக்கண் ஆன்டிகோனஸ் வந்து, வரவு செலவுக் கணக்கைக் காட்டு என்றார். செலூக்கஸ் மறுத்துவிட்டு, 50 குதிரைவீரர்களோடு எகிப்தில் இருந்த தாலமியிடம் ஓடினார்.

கி.மு. 312இல் காசாவில் தாலமியும் அவரும் ஆன்டிகோனஸின் மகன் டெமெட்ரியஸைத் தோற்கடித்தார்கள். உடனே செலூக்கஸ் பாபிலோனுக்குக் கிளம்பினார். தாலமி கொடுத்த படை, சுமார் 800 காலாட்களும் 200 குதிரைவீரர்களும். கூட வந்த நண்பர்களே கலங்கினார்கள். ஆனால் எல்லைக்குள் கால் வைத்ததும் மக்கள் எதிர்கொண்டு வந்து சேர்ந்தார்கள், கோட்டை விழுந்தது. மீடியாவிலிருந்து ஆன்டிகோனஸின் தளபதி நிக்கனோர் 10,000க்கும் அதிகமான காலாட்களோடும் 7,000 குதிரைவீரர்களோடும் கிளம்பி வந்தபோது, செலூக்கஸிடம் 3,000 காலாட்களுக்குக் கொஞ்சம் மேலும் 400 குதிரைவீரர்களும்தான். டைகிரிஸைக் கடந்து சதுப்பில் ஒளிந்து, இரவில் பாய்ந்தார். நிக்கனோர் தப்பி ஓடினார். அவருடைய படையில் பெரும்பகுதி செலூக்கஸ் பக்கம் சேர்ந்துகொண்டது. எதிரி கொண்டுவந்த பாலும் இவருடைய தயிரானது!

கிழக்கே சிந்து வரை போனபோது இந்தக் கணக்கு பலிக்கவில்லை. அந்தப் பானைக்குச் சந்திரகுப்த மௌரியர் முன்பே உறை ஊற்றிவிட்டார். செலூக்கஸ் வம்பை நீட்டவில்லை. நிலத்தைக் கொடுத்து 500 யானைகளை வாங்கிக்கொண்டார். கி.மு. 301இல் ஆன்டிகோனஸோடு மோதிய இப்சஸ் போர்க்களத்தில், துரத்திப் போன டெமெட்ரியஸின் குதிரைப்படை திரும்ப முடியாமல் வழியை அடைத்தவை யானைகள்தான். முதிய ஆன்டிகோனஸ் அங்கேயே மாண்டார்.

மறுநாளைக்கு உறை எடுத்துவைக்கிற சாமர்த்தியமும் செலூக்கஸுக்கு இருந்தது. மகன் ஆன்டியோக்கஸை இணையரசராக்கி, கிழக்கு மாகாணங்களை ஆள அனுப்பியிருந்தார். அதனால்தான், கி.மு. 281இல் தாம் அடைக்கலம் கொடுத்த, எகிப்துத் தாலமியின் மகன் தாலமி கெரானஸே அவரைக் குத்திக் கொன்றபோதும் அரசு கலைந்துவிடவில்லை. ஆன்டியோக்கஸ் புதிதாக ஆண்டுக் கணக்கு தொடங்காமல் அப்பாவின் கணக்கையே தொடர்ந்தார். செலூக்கஸ் பாபிலோன் திரும்பிய காலத்திலிருந்து எண்ணும் அந்தக் கணக்கு, அந்த வம்சம் அழிந்த பிறகும் மேற்காசியாவில் பல நூற்றாண்டுகள் வழக்கில் இருந்தது.