சாவா மூவாப் பேராடும் ஒரு பேராசிரியர் நாற்காலியும்

சோழர் காலத்தில் கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிய வேண்டுமென்றால் அதற்கு ஒரு கணக்கு உண்டு. 96 ஆடு, சில ஊர்களில் 90. ஆடுகள் இடையர் கையில் ஒப்படைக்கப்படும். அவர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய்யைக் கோயிலில் அளந்துவிட வேண்டும். கிழடானதைக் கழிப்பதும் குட்டியை வளர்ப்பதும் அவர் பாடு. எண்ணிக்கை மட்டும் குறையக் கூடாது. அதனால்தான் கல்வெட்டுகள் அவற்றைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்கின்றன. முதலைத் தொடாதே, விளைவைச் செலவழி என்பதை இதைவிடச் சுருக்கமாக இன்றைய வங்கிப் பத்திரம் எதுவும் சொல்லிவிடவில்லை. இந்த ஏற்பாடு விளக்கோடு நின்றதுமில்லை. திருவொற்றியூர்க் கோயிலில் பாணினி இலக்கணம் கற்பிக்க வியாகரணதான மண்டபம் என்று ஒன்று இருந்தது. அது நடப்பதற்காக 13ஆம் நூற்றாண்டில் நிலம் விடப்பட்டது. வீரராசேந்திர சோழன் காலத்துத் திருமுக்கூடல் கல்வெட்டு 15 படுக்கை கொண்ட ஆதுலர் சாலை ஒன்றுக்கு எழுதிய கணக்கையே வைத்திருக்கிறது: மருத்துவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல், 8 காசு, அறுவை செய்பவர், மூலிகை கொண்டுவருபவர், நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள், நாவிதர் என ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பங்கு. கட்டடத்தைவிட அதில் வேலை செய்யும் ஆளைப் பற்றித்தான் அந்தக் கல் அதிகம் பேசுகிறது.

இன்றைக்குப் பல்கலைக்கழகங்களில் ‘இருக்கை’ என்று சொல்லப்படுவது இந்தப் பேராட்டின் வாரிசுதான். ஒரு தொகையை நிரந்தர வைப்பாகப் போடுகிறார்கள். அதன் வருமானத்தில் ஒரு பேராசிரியரின் சம்பளமோ, அவருடைய ஆராய்ச்சிச் செலவோ, இரண்டுமோ நடக்கும். மேலைநாட்டுப் பெரிய போதனா மருத்துவமனைகளில் இத்தகைய இருக்கைகள் ஏராளம். அவை மருத்துவருக்குத் தருவது உண்மையில் பணம் அல்ல, நேரம்: வாரத்தில் இத்தனை நாள் நோயாளி வரிசையிலிருந்து எழுந்துபோய், ஒரே கேள்வியை வருடக்கணக்கில் துரத்துவதற்கான உரிமை. நம் நாட்டுக்கும் இது புதிதில்லை. வழக்கறிஞர் தாரகநாத் பாலித் கொடுத்த கொடையில் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் பாலித் பேராசிரியர் பதவி உருவானது. கூடுதல் சம்பளம் தந்த நிதித்துறை வேலையை உதறிவிட்டு 1917இல் சர் சி.வி. ராமன் அதில் வந்து உட்கார்ந்தார். 1928இல் ராமன் விளைவு, 1930இல் நோபல். அந்த நாற்காலி இல்லாவிட்டாலும் அவர் கண்டுபிடித்திருப்பார் என்று வாதாடலாம். ஆபீஸ் நேரம் போக மிச்ச நேரத்தில் எவ்வளவு தூரம் போயிருப்பார் என்பதுதான் கேள்வி.

இதை வடசென்னைக்குக் கொண்டுவருவோம். கத்திவாக்கம் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் பக்கிங்காம் கால்வாய் என நடுவே மாட்டிக்கொண்ட நிலம். சுற்றிலும் அனல் மின் நிலையங்கள், சாம்பல் குளங்கள், உர ஆலை, துறைமுகங்கள், அந்தப் பக்கம் மணலியின் சுத்திகரிப்பு ஆலை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர்க் கழிமுகத்தில் படிந்தது. அதே மாதம் 26ஆம் தேதி இரவு, கப்பலிலிருந்து உர ஆலைக்கு அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு. பெரியகுப்பத்து மக்கள் மூச்சுத் திணறி நள்ளிரவில் தெருவுக்கு ஓடிவந்தார்கள். இரண்டு முறையும் மருத்துவ முகாம் போட்டார்கள், மாத்திரை கொடுத்தார்கள். அவசரத்துக்கு அது சரி. ஆனால் அன்று அந்தக் காற்றைச் சுவாசித்த ஏழு வயதுப் பிள்ளையின் நுரையீரல் பதினேழு வயதில் எப்படி இருக்கும் என்பதை முகாம் சொல்லாது. அதற்கு வருடத்துக்கு ஒரு முறை அந்தப் பிள்ளையைத் தேடிப்பிடித்து, ஸ்பைரோமீட்டர் குழாயில் மூச்சை முழுசாக ஊதவைத்து, முதல் நொடியில் எவ்வளவு காற்று வந்தது என்று குறிக்க வேண்டும். அடுத்த வருடம் அதே பிள்ளை, அதே ஊதல். இடையில் வீடு மாறிப்போனால் மாறிய வீட்டுக்குப் போக வேண்டும்.

அரசு மருத்துவமனை ஓ.பி. சீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பெயர், வயது, தேதி, சால்பூட்டமால், ‘ஒரு வாரம் கழித்து வரவும்’. சீட்டு மடித்து மடித்துக் கிழிந்ததும் இன்னொரு சீட்டு. ஒரு நுரையீரலின் பத்தாண்டு வரலாறு இப்படி நாலாக மடித்த காகிதங்களாகக் கலைந்துபோகிறது. மருத்துவர்கள் அக்கறையில்லாதவர்கள் என்பதல்ல. காலை வரிசையில் நிற்கும் கூட்டத்தில் ஒருவருக்கு இரண்டு மூன்று நிமிடம் கிடைத்தால் பெரிது. சீட்டுகளைத் தெருவாரியாகக் கோத்து, காற்று எந்தத் திசையில் அடித்த மாதம் எந்தக் குப்பத்தில் இளைப்பு கூடியது என்று பார்க்க, அதையே வேலையாகக் கொண்ட ஓர் ஆள் வேண்டும். பத்து வருடம் அதே நாற்காலியில் இருக்கிற ஆள்.

அந்த நாற்காலியைப் போட வேண்டிய இடம் ராயபுரத்தை ஒட்டிய ஸ்டான்லி. 1782 பஞ்சத்தில் மணியக்காரர் சத்திரம் ஊற்றிய கஞ்சியிலிருந்து வளர்ந்த மருத்துவமனை அது. வடசென்னைக்காரர்களுக்கு நெடுங்காலம் ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’. ஓர் இடத்தின் காயத்தை ஒரு மருத்துவர் தொடர்ந்து பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று அங்கேயே இருக்கிறது. துறைமுகமும் ஆலைகளும் நசுக்கியனுப்பிய கைகளைச் சீர்செய்ய, 1970களின் தொடக்கத்தில் டாக்டர் ஆர். வெங்கடசாமி தனிப் பிரிவு ஒன்றைத் தொடங்கினார். அது கை அறுவைக்கும் மறுவாழ்வுக்குமான ஆராய்ச்சி நிலையமாகவே வளர்ந்து, நாடெங்கும் பேர்பெற்றது. கைக்கு நடந்தது நுரையீரலுக்கும் நடக்கலாம். வித்தியாசம் ஒன்றுதான்: நசுங்கிய கை கண்ணுக்குத் தெரியும்.

கொடுக்கிறவர்கள் நம்மிடம் இல்லையா? ராயபுரத்தில் பிரசவம் என்றாலே நினைவுக்கு வரும் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனை, ராஜா சர் சவலை ராமசாமி முதலியாரின் கொடையில் எழுந்தது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மருத்துவமனை கட்ட 2022இல் இரண்டு குடும்பங்கள் 425 கோடி ரூபாய் தருவதாக அறிவித்தன. ஹார்வர்டு தமிழ் இருக்கைக்கு உலகத் தமிழர்கள் திரட்டியது 60 லட்சம் டாலர். தமிழக அரசும் 10 கோடி ரூபாய் கொடுத்தது. அதற்கு முதல் பணம் போட்டவர்கள், ஆளுக்கு ஐந்து லட்சம் டாலர் தந்த இரண்டு பேர், விஜய் ஜானகிராமனும் திருஞானசம்பந்தமும். இருவருமே மருத்துவர்கள்! மொழிக்கு இருக்கை வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் இருக்கை என்றால் என்ன, அதற்கு எப்படிப் பணம் திரட்டுவது என்று நன்றாகவே தெரிந்த சமூகம், அரசு மருத்துவக் கல்லூரி என்று வந்தால் தங்கப் பதக்கத்தோடும் ஆண்டுக்கொரு அறக்கட்டளைச் சொற்பொழிவோடும் நின்றுவிடுவது ஏன்? கட்டடத்தில் பெயர்ப்பலகை மாட்டலாம், ஸ்கேன் இயந்திரத்துக்கு ரிப்பன் வெட்டலாம். பத்து வருடம் குப்பம் குப்பமாக நடக்கிற ஆராய்ச்சியாளருக்கு எங்கே ரிப்பன் வெட்டுவது?

இது அரசின் கடமை, தனியார் கொடையை இழுத்தால் அரசு நழுவிக்கொள்ளும் என்று சொல்வார்கள். கனமான ஆட்சேபம்தான். காற்று மாசைப் பற்றி உலகமே மேற்கோள் காட்டும் ஹார்வர்டு ஆறு நகர ஆய்வு பெரும்பாலும் அரசு நிதியில்தான் நடந்தது. எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை 14 முதல் 16 ஆண்டுகள் பின்தொடர்ந்து, மாசு மிகுந்த நகரத்தில் இறப்பு விகிதம் தூய்மையான நகரத்தைவிட 26 சதவீதம் அதிகம் என்று 1993இல் அது காட்டியது. நம்மூரிலும், காசநோயாளிக்குச் சானடோரியம் தேவையில்லை, வீட்டிலேயே குணப்படுத்தலாம் என்று 1959இல் உலகுக்குக் காட்டிய சென்னை ஆய்வு பொதுப் பணத்தில் நடந்ததே. ஆகவே அரசு செய்யாது என்பதல்ல என் வாதம். அரசுப் பணத்துக்கு மூன்று வருடத் திட்டம், ஐந்து வருடத் திட்டம் என்று காலக்கெடு உண்டு; நுரையீரல் அந்த நாட்காட்டியைப் பார்ப்பதில்லை. சம்பளத்தை அரசே கொடுக்கட்டும். களப்பணியாளர், பதிவேடு, கருவி ஆகியவற்றின் தொடர்ச்சியை மட்டும் இருக்கை தாங்கட்டும். 10 கோடி வைப்பு, 7 சதவீத வட்டி என்றால் ஆண்டுக்கு 70 லட்சம். விலைவாசி முதலை அரித்துவிடாமலிருக்க அதில் 30 லட்சத்தை முதலிலேயே திரும்பச் சேர்த்தாலும் 40 லட்சம் கையில் நிற்கும். நாலைந்து களப்பணியாளரையும் ஒரு புள்ளியியலாளரையும் வைத்துக்கொள்ள அது போதும்.

இதைவிடச் சிக்கலானது, பணம் யாருடையது என்பது. கத்திவாக்கத்தைச் சுற்றிப் பெரிய பணம் வைத்திருப்பவை புகைபோக்கி வைத்திருக்கும் நிறுவனங்களே. 2000இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகம் ஒரு சிகரெட் நிறுவனத்திடம் 38 லட்சம் பவுண்டு வாங்கியது. எதற்கு என்றால், கம்பெனிகளின் சமூகப் பொறுப்பைப் பற்றி ஆராயும் மையத்துக்கு. அங்கே பேராசிரியராகவும் இருந்த பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலின் ஆசிரியர் ரிச்சர்ட் ஸ்மித், அந்தப் பேராசிரியர் பதவியைத் துறந்தார். எண்ணூரில் ஓர் ஆலையின் பெயரைத் தாங்கிய நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அந்த ஆலையின் புகையைப் பற்றி எழுதினால், எழுதியது நேர்மையாகவே இருந்தாலும் குப்பத்தில் யாரும் நம்பமாட்டார்கள். எனவே ஆலைப் பணம் தனித்தனிப் பெயரோடு வரக் கூடாது. எல்லாம் ஒரே தொகுப்பில், நியமனத்தில் கொடையாளிக்குக் குரல் இல்லாமல், தரவு பொதுவெளியில். இதில் ஒரு வேடிக்கை: 2013 கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவு லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிடச் சொல்கிறது, ஆனால் 2021 ஜனவரிக்குப் பிறகு நிரந்தர வைப்பு நிதியில் போடும் பணம் அந்தச் செலவுக் கணக்கில் சேராது. ஆம்புலன்ஸ் வாங்கலாம், பேராடு வாங்க முடியாது. ஒதுக்கிய பணம் எங்கோ தூங்கக் கூடாது என்ற நல்ல நோக்கம்தான். அரசுக் கல்லூரிகளின் இருக்கைகளுக்கு மட்டுமாவது விலக்குக் கேட்கலாம். அதுவரை, அங்கே படித்துவிட்டு வெளிநாடுகளில் இருக்கும் பழைய மாணவர்களின் பணம்தான் சுத்தமான வழி.

ஒரு துறைக்கு மட்டும் இருக்கை வந்தால் பக்கத்துத் துறைக்கு எரிச்சல் வரும் என்பதெல்லாம் பெரிய தடையில்லை. பெரிய தடை இடமாற்றம். நம் அரசு மருத்துவர்களுக்குப் பதவி உயர்வு வந்தால் பெரும்பாலும் ஊரும் மாறுகிறது. மாலையில் தனியாக கிளினிக் நடத்தவும் அனுமதி உண்டு. இருக்கையை ஏற்பவர் இரண்டையும் விட வேண்டியிருக்கும்: பத்து ஆண்டுக்கு இடமாற்றம் கிடையாது, பதவி உயர்வு இருந்த இடத்திலேயே, கிளினிக் இல்லை, அதற்கு ஈடாக ஒரு தொகை. இதற்கு ஓர் அரசாணை போதும், ஒரு பைசா வைப்பு நிதி வருவதற்கு முன்னாலேயே போட்டுவிடலாம். விளக்குக் கல்வெட்டுகளிலும் ஆடு கொடுத்தவர் பெயர் மட்டும் இருப்பதில்லை. ஆட்டைப் பொறுப்பேற்ற இடையரின் பெயரும், அவர் நெய் அளக்கத் தவறினால் பதில் சொல்லப் பிணை நின்றவர்களின் பெயர்களும் சில கற்களில் வரிசையாக வெட்டப்பட்டிருக்கின்றன.