பவளமும் பாசியும்

அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்ட தகடூர் இக்காலத்தே தருமபுரி என வழங்குகின்றது. இம்மாவட்டத்திற்குக் கடற்கரை இல்லை. எனினும், கடலடியில் வாழும் பவளத்திற்கு நேரும் இடர் ஒன்றனை விளங்கிக்கொள்வதற்கு இங்குள்ள ஏரி குளங்களே நல்ல சான்றாகும். கோடையில் நீர் சுருங்கிய குளத்தை நோக்குவோர், பச்சைப் போர்வை விரித்தாற்போல் அதன்மீது பாசி படர்ந்திருத்தலைக் காண்பர். நீர் மொள்ள வருவோர் குடத்தால் அதனை ஒதுக்குவர். குடத்தை எடுத்தவுடன் ஒதுங்கிய பாசி மீண்டும் வந்து கூடும். இக்காட்சியைப் பரணர் குறுந்தொகையில், தலைவியின் மேனியிற் படரும் பசலைக்கு உவமையாக அமைத்தார். விலக்கினும் மீளுதல் பாசியின் இயல்பு என்பதனை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர்.

அஃது அவ்வாறு மீள்வது ஏன்? பாசி வளர நீரும் கதிரவன் ஒளியும் போதா, உணவும் வேண்டும். வயலில் இட்ட உரத்தின் ஒரு பகுதியை மழைநீர் அடித்துச் செல்கின்றது. வீடுகளின் கழிவுநீரும், கால்நடைகளின் சாணமும் நீர்நிலையை அடைகின்றன. இவற்றிலுள்ள நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பயிருக்கு உணவாதல் போலவே பாசிக்கும் உணவாகின்றன. உணவு உள்ளவரை, அகற்றிய பாசியின் இடத்தில் புதுப்பாசி தோன்றியே தீரும்.

ஏரியின் பரப்பில் நிகழும் இதனை ஒரு சிறு கண்ணாடித் தொட்டிக்குள்ளும் காணலாம். இலண்டன் மாநகரில் வாழ்ந்த இராபர்ட்டு வாரிங்டன் என்னும் வேதியியலறிஞர், தொட்டி ஒன்றில் மீன்களையும் நீர்ச்செடிகளையும் சேர்த்து வளர்த்தார். செடிகளின் இலைகள் அழுகவே நீர் கலங்கிற்று, பாசியும் படர்ந்தது. அவர் குளத்து நத்தைகள் சிலவற்றை அதனுள் விட்டார். அவை அழுகலையும் பாசியையும் மேய்ந்தன, நீர் தெளிந்தது. இச்செய்தியை அவர் 1850-ஆம் ஆண்டில் அறிஞர் அவையில் எடுத்துரைத்தார். தொட்டி என்பது வெறும் கலம் அன்று. உயிர்கள் ஒன்றனை ஒன்று சார்ந்து வாழும் சிற்றுலகம் என்னும் உண்மை இதனால் புலனாயிற்று.

பின்னர், கடல்நீர் நிரப்பிய தொட்டிகளில் பவளத்தையும் வளர்க்கலாயினர். பவளம் கல் அன்று, செடியும் அன்று. அது மிகச் சிறிய உயிர்கள் கூடி வாழும் கூட்டமாகும். அவ்வுயிர்கள் சுண்ணாம்பினால் கூடு கட்டுகின்றன. அவற்றின் உடலினுள்ளே கண்ணுக்குப் புலனாகாத நுண்பாசிகள் குடியிருந்து, ஒளியின் உதவியால் உணவு சமைத்து, அதிற் பெரும்பகுதியைப் பவளத்திற்கு அளிக்கின்றன. இங்ஙனம் உள்ளே வாழும் பாசி பவளத்தின் உயிர்த்துணை ஆகின்றது. வெளியே படரும் பாசியோ ஒளியை மறைத்து, இடத்தைக் கவர்ந்து, பவளத்தை மூச்சடைக்கச் செய்கின்றது. ஆதலின், பாசி யாவும் பகை என்று கருதுதல் பிழையாகும். அளவு கடந்த பெருக்கமே பகை.

தொட்டியில் பாசி பெருகும் வகையைக் காண்போம். மீன் உண்ணாது விட்ட இரையும் மீனின் கழிவும் அழுகி அம்மோனியாவாகின்றன. நுண்ணுயிர்கள் அதனை முதலில் நைட்ரைட்டாகவும், பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. கடலில் இது பரந்த நீரிற் கலந்து அடங்கும். தொட்டியிலோ நாள்தோறும் திரளும். புதிய தொட்டியில் முதலில் பழுப்பு நிறப் படலம் தோன்றும். இது பெரும்பாலும் சில வாரங்களில் தானே மறையும். பின்னர் மயிரிழை போன்ற பச்சைப்பாசி முளைப்பதுண்டு. சிலவேளை செந்நிற வழும்பு மூடும்; பாசிபோல் தோன்றினும் அது நுண்ணுயிர்க் கூட்டமேயாகும்.

இதனைப் போக்க விழைவோர் முதலில் இரையின் அளவைக் குறைத்தல் வேண்டும். ஒளி தரும் நேரத்தையும் சுருக்குதல் வேண்டும். பாசியைக் கையாற் பறித்துத் தொட்டிக்கு வெளியே எறிதல் வேண்டும்; உள்ளேயே விடின் அது அழுகிப் புதுப்பாசிக்கு எருவாகும். நுண்ணிய காற்றுக்குமிழிகளைச் செலுத்தி, அழுக்கை நுரையாகத் திரட்டி வெளியேற்றும் கருவியும் உண்டு. நத்தையும் கடல்முள்ளெலியும் பாசியை மேய்ந்து உதவும். சிலர் பக்கத்தொட்டி ஒன்றில் வேறொரு கடற்பாசியை வேண்டுமென்றே வளர்த்து, மிகுந்த உணவை அதற்கு ஊட்டி, அதனை அறுவடை செய்து அகற்றுவர். பாசியைக் கொண்டே பாசியை அடக்கும் இம்முறை வியத்தற்குரியது.

நீரிலும் கருத்து வேண்டும். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் உள்ளன. வெயிலில் நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. ஆதலின், குறைந்த நீரை ஈடுசெய்யத் தூய நன்னீரையே சேர்த்தல் வேண்டும். தருமபுரிப் பகுதியின் ஆழ்குழாய்க் கிணறுகள் பலவற்றில் உள்ளவாறு கனிமங்கள் செறிந்த நீரை வார்த்தால், அவை தொட்டியிலேயே தங்கி நாளடைவில் மிகும். பாசியைக் கொல்லும் மருந்தை ஊற்றுவதும் நன்றன்று. ஒருங்கே மடிந்த பாசி அழுகும்போது நீரிலுள்ள உயிர்வளி குறையும்; அதனால் மீன்களும் மடியக்கூடும்.

தொட்டியில் நிகழ்வது கடலிலும் நிகழ்ந்ததுண்டு. சமைக்கா என்னும் தீவைச் சூழ்ந்த கடலில் 1977-ஆம் ஆண்டில் பாறைகளின் ஏறத்தாழப் பாதிப் பரப்பில் உயிருள்ள பவளம் இருந்தது. பாசி மேயும் மீன்களை மக்கள் அளவின்றிப் பிடித்தனர். 1980-இல் பெரும்புயல் பவளத்தை நொறுக்கியது. 1983-இல் நோயொன்று பரவி, பாசியை மேய்ந்துவந்த கடல்முள்ளெலிகளைப் பெரும்பாலும் அழித்தது. மேய்வார் இன்மையால் பாசி பெருகிற்று. 1990-களின் தொடக்கத்தில் அப்பாறைகளில் பவளம் நூற்றில் ஐந்து பங்கினும் குறைந்தது; பாசியோ பத்தில் ஒன்பது பங்கினை மூடிற்று.

நம் தமிழகத்திலும் இத்தகைய இடர் உண்டு. இராமேசுவரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடையே மன்னார் வளைகுடாவிலுள்ள 21 தீவுகளைச் சூழ்ந்து பவளப்பாறைகள் அமைந்துள்ளன. இப்பகுதி 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. காப்பாபைகசு என்னும் கடற்பாசி வெளிநாட்டினின்று கொணரப்பட்டு, மண்டபம் பகுதியில் வளர்க்கப்பெற்றது. அது கடலோர மக்கள் பலர்க்குப் பிழைப்பு அளித்தது. ஆயினும், குருசடைத் தீவில் அது உயிருள்ள பவளத்தின்மீது படர்ந்திருத்தலை அறிஞர்கள் 2008-இல் வெளிப்படுத்தினர். வனத்துறையினர் அதனைக் கையாற் பறித்து அகற்றினர். எனினும், சிறு துணுக்கு எஞ்சினும் அது மீண்டும் தழைக்க வல்லது. குளத்தில் குடத்தால் ஒதுக்கிய பாசியின் கதையே கடலிலும் தொடர்கின்றது.

பாசியைக் களைதல் ஒருநாட் பணி. அதன் காரணத்தைக் களைதலோ நாள்தோறும் செய்யத்தக்க பணி. ஒகேனக்கல்லில் வீழும் காவிரி தருமபுரியைக் கடந்து கடல்நோக்கிச் செல்கின்றது. வயலுக்கு வேண்டிய அளவே உரமிடும் உழவரும், குளத்திற் கழிவு கலவாமற் காப்போரும் தம் ஊர் நீரை மட்டும் காப்பவர் அல்லர். தாம் கண்டிராத கடலையும் அவர் காக்கின்றனர்.